செவெல் வாங்குவதா, ஜட்ஜ் வாங்குவதா?

கேள்வி:

ஐயா, வணக்கம். மிச்சிகன் மாநிலம் ட்ராயில் இருக்கிறேன். கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வேலை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட அந்தக் காலத்து அமெரிக்க வேகக் கார்) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 454. சிவப்பு நிறம், நாலு கியர் மேனுவல். எல்எஸ்6 எஞ்சின் என்கிறார் விற்பவர். எஞ்சினில் சிஆர்வி என்ற எழுத்துகள் இருக்கின்றன. பழைய தாள் எதுவும் இல்லை. 95,000 டாலர் கேட்கிறார். இன்னொன்று 1970 பான்டியாக் ஜிடிஓ ஜட்ஜ். ராம் ஏர் 3 எஞ்சின், ஆட்டோமேட்டிக், ஆரஞ்சு நிறம். பிஎச்எஸ் தாள் (ஆலைப் பதிவின் நகல்) இருக்கிறதாம். 82,000 டாலர். கோடையில் ஓட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்து விற்றால் கையைக் கடிக்கக் கூடாது. செவெலில் 450 குதிரைத்திறன் என்பதால் நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க. ரா., ட்ராய்

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதுதான் முழு நிலவரம் என்றால் ஜட்ஜை வாங்குங்கள்.

செவெல் மட்டமான கார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான எல்எஸ்6 செவெல் ஒன்று பழைய தாள்களோடு 95,000 டாலருக்கு வந்தால், உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைப்பேன். சிக்கல் என்னவென்றால், நல்ல நிலையில் தாள்களோடு இருக்கும் எல்எஸ்6 அந்த விலைக்கு வராது. ஆறு இலக்கத்தில்தான் பேச்சே தொடங்கும். உங்கள் விற்பவர் ஏன் ஆறு இலக்கம் கேட்கவில்லை? அவருக்கும் தன் காரின் மேல் முழு நம்பிக்கை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்எஸ்6 விலைக்குக் கொஞ்சம் கீழே, சாதாரண செவெல் விலைக்கு ரொம்ப மேலே. சந்தேகமான கார்கள் நிற்கிற இடமே இதுதான்.

உங்கள் நண்பர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவோம். இரண்டு கார்களும் ஜெனரல் மோட்டார்ஸ் ஏ-பாடி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு கதவு மாடல்களில் சக்கர இடைவெளி இரண்டுக்கும் 112 அங்குலம். தனி சேஸிஸ், அதன்மேல் பாடி என்ற அமைப்பும் ஒன்றேதான். எஞ்சினில்தான் பாதை பிரிகிறது. நடுத்தர அளவுக் காரில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. 1970 மாடலுக்கு அதைத் தளர்த்தினார்கள். உடனே செவர்லே 454 கன அங்குல எஞ்சினைச் செவெலுக்குள் இறக்கியது. பான்டியாக் தன் 455-ஐ ஜிடிஓவில் வைத்தது.

அந்த 454-இல் இரண்டு வகை. எல்எஸ்5 என்பது 360 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 10.25, ஹைட்ராலிக் லிஃப்டர், குவாட்ராஜெட் கார்புரேட்டர். எல்எஸ்6 என்பது 450 குதிரைத்திறன், அமுக்க விகிதம் 11.25, சாலிட் லிஃப்டர், ஹாலி கார்புரேட்டர், அலுமினிய இன்டேக், நாலு போல்ட் மெயின். இந்த 450 என்பது ஏர் கிளீனர், சைலன்ஸர் எதுவும் இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து அளந்த எண். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் அளந்தார்கள். இன்றைய கார்களின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. இன்னொன்றையும் நண்பர்களிடம் சொல்லுங்கள்: முறுக்குவிசை இரண்டு 454-க்கும் ஒரே 500 பவுண்டு-அடிதான். சிக்னலில் இருந்து கிளம்பும்போது முதுகில் விழும் அடி எல்எஸ்5-இலும் குறையாது. எஞ்சின் சுற்று மேலே ஏற ஏறத்தான் எல்எஸ்6 தனியாகத் தெரியும்.

பான்டியாக் பக்கம் எண்கள் சாதுவானவை. உங்கள் ராம் ஏர் 3 என்பது 400 கன அங்குலம், 366 குதிரைத்திறன், 445 பவுண்டு-அடி. கால் மைல் பந்தயத்தில் நல்ல எல்எஸ்6 முன்னால் போய்விடும். இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கால் மைல் பந்தயத்துக்கு வாங்கவில்லை. பத்து வருஷம் வைத்திருந்து, நஷ்டமில்லாமல் விற்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் குதிரைத்திறனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, விற்கும் நாளில் இது என்ன கார் என்று வாங்குபவருக்கு எதை வைத்து நிரூபிப்பீர்கள் என்பது.

ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? இங்கேயும் அதே கதைதான்.

செவெலின் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலை தரும் அடையாள எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகவே தெரியும். உங்கள் கார் ஹார்டுடாப் (நிலையான கூரை, நடுத்தூண் இல்லாதது) என்றால் அது 13637 என்று தொடங்கும். 1 என்றால் செவர்லே, 36 என்றால் மாலிபு வி8, 37 என்றால் இரண்டு கதவு ஹார்டுடாப். அடுத்து ஆண்டுக்கு ஒரு எண், ஆலைக்கு ஓர் எழுத்து, பிறகு வரிசை எண். இதில் எஸ்எஸ் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 1970-இல் எஸ்எஸ் என்பது மாலிபுவின் மேல் போட்ட ஆப்ஷன் மட்டுமே. எஸ்எஸ் 396-க்கு இசட்25, எஸ்எஸ் 454-க்கு இசட்15 என்று ஆர்டர் குறியீடு. (அந்த 396-இல் உண்மையில் இருந்தது 402 கன அங்குலம். பெயர் விற்றுக்கொண்டிருந்ததால் பேட்ஜை மாற்றவில்லை.) அந்தக் குறியீடு வின் எண்ணிலும் ஏறவில்லை; எஞ்சின் பெட்டியின் பின்சுவரில் அடித்த பாடி தகட்டிலும் பொதுவாகக் கிடையாது. 307 கன அங்குல எஞ்சினோடு ஒரு பாட்டி கடைக்குப் போய்வர வாங்கிய மாலிபுவுக்கும், எல்எஸ்6-க்கும் வின் எண் ஒரே மாதிரி.

இப்போது சந்தைக்குப் போங்கள். எஸ்எஸ் கிரில், வட்ட மீட்டர் வைத்த டாஷ்போர்டு, கோடுகள், கவுல் இண்டக்ஷன் பானட், 12 போல்ட் பின் ஆக்சில் எல்லாமே கிடைக்கும். செவெலுக்குப் புதிதாக வார்த்த பாகங்கள் கிடைப்பதுபோல அந்தக் காலத்துக் கார்களில் வேறு எதற்கும் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. பழுது பார்ப்பவனுக்கு வரம், ஏமாற்றுபவனுக்கும் அதே வரம். செவர்லே கட்டிய எல்எஸ்6 கார்கள், செவெலின் பிக்கப் வடிவமான எல் கமினோவையும் சேர்த்து, 4,475 என்று சொல்வார்கள். அன்று ஆலையிலிருந்து வந்ததைவிட இன்று எல்எஸ்6 அதிகம் என்பது இந்த வட்டாரத்தில் பழைய கிண்டல்.

சரி, எஞ்சினில் சிஆர்வி இருக்கிறதே என்று கேட்பீர்கள். சிஆர்வி என்பது மேனுவல் கியர்பாக்ஸோடு வந்த எல்எஸ்6-க்கான குறியீடுதான். ஆட்டோமேட்டிக் என்றால் சிஆர்ஆர். ஆனால் எழுத்து அடிக்கும் அச்சு யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். அதனால் எழுத்தை மட்டும் படிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் இரும்பைப் பாருங்கள். எஞ்சினின் முன்பக்கம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். ஆலையில் அந்த மேற்பரப்பைச் சீவிய இயந்திரம் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். எழுத்து அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்க வேண்டும். இடம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தாலோ, கோடுகள் வேறு திசையில் ஓடினாலோ, யாரோ அதைச் சீவி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம். எஞ்சினை ரீபில்ட் செய்தபோது மேற்பரப்பைச் சீவியது நேர்மையான காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அது நேர்மையா மோசடியா என்று பிரித்துச் சொல்ல இரும்பால் முடியாது. விலை மட்டும் இறங்கிவிடும்.

அப்புறம் தேதிகள். எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதியே இதுதான். அந்த இடத்தில் டி 0225 சிஆர்வி என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை. பெரிய எஞ்சின்களை அங்கேதான் கட்டினார்கள். 0225 என்றால் பிப்ரவரி 25 அன்று எஞ்சின் கட்டி முடித்தார்கள். பிளாக்கை வார்த்த தேதி தனியாக, வார்ப்பிலேயே புடைப்பாக இருக்கும்: பி 18 0 என்றால் இரண்டாம் மாதம், 18-ஆம் தேதி, 1970. பாடி தகட்டில் 03சி என்று இருந்தால் கார் தயாரானது மார்ச் மூன்றாம் வாரம். வார்ப்பு, எஞ்சின், கார் என்று வரிசை ஒழுங்காகப் போகிறது. வார்ப்புத் தேதி ஈ 5 0, அதாவது மே 5 என்று இருந்தால்? மார்ச்சில் தயாரான காருக்குள் மே மாதத்து இரும்பு. விற்பவர் என்ன கதை சொன்னாலும் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பிளாக்கின் வார்ப்பு எண் 3963512, ஹெட்டின் வார்ப்பு எண் 3964291 என்று இருக்க வேண்டும். ஆனால் 3963512 எல்எஸ்5-க்கும் பொது என்பதை மறக்க வேண்டாம். அந்த எண்ணைப் பெருமையாகக் காட்டினால் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். குறியீட்டின் பக்கத்திலேயே இந்தக் காரின் வரிசை எண்ணும் அடித்திருக்க வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் வரிசை எண்ணோடு அது பொருந்தினால்தான் இந்த எஞ்சின் இந்தக் காரில் பிறந்தது என்று அர்த்தம்.

இவ்வளவும் பொருந்தினாலும் தாள் இல்லை என்ற குறை அப்படியே நிற்கிறது. செவர்லேயைக் கேட்டால் அமெரிக்காவில் விற்ற காருக்கு ஆலைப் பதிவு என்று எதுவும் கொடுக்க மாட்டார்கள், கையில் இல்லை. (கனடாவில் விற்ற கார் என்றால் கதை வேறு, ஜெனரல் மோட்டார்ஸ் கனடா தன் பழைய பதிவுகளிலிருந்து ஆவணம் கொடுத்துவந்திருக்கிறது. எல்லை உங்களுக்கு அரை மணி நேரம்தான். இந்தக் கார் முதலில் எங்கே விற்றது என்று விசாரித்துப் பாருங்கள்.) மிச்சமிருப்பது இரண்டே வழி. ஒன்று பில்ட் ஷீட்: ஆலைத் தொழிலாளிகளுக்காக அச்சடித்த தாள். பெட்ரோல் டேங்கின் மேலேயோ பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளேயோ செருகியபடியே மறந்து விட்டிருப்பார்கள். இன்னொன்று ப்ரொடெக்ட்-ஓ-பிளேட்: வாரண்டிப் புத்தகத்தோடு வந்த சின்ன உலோக அட்டை. வின் எண், எஞ்சின் குறியீடு எல்லாம் அதில் புடைப்பாக இருக்கும். இரண்டிலும் போலி உண்டு. அம்பது வருஷம் டேங்கின் மேல் கிடந்த தாள் துருக்கறையோடு, ஓரம் நைந்து, நடுவில் எழுத்து மங்கித்தான் இருக்கும். புத்தம் புதிதாக, ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இப்போது ஜட்ஜ் பக்கம் வாருங்கள். 1964-இல் ஜிடிஓ பிறந்தபோது அதுவும் டெம்பெஸ்ட் லெமான்ஸின் மேல் போட்ட ஆப்ஷன்தான். நடுத்தரக் காரில் 330 கன அங்குலம் என்பது அப்போதைய வரம்பு. அதைச் சுற்றிக்கொண்டு 389 எஞ்சினை ஆப்ஷன் என்ற பெயரில் உள்ளே நுழைத்தார்கள் பான்டியாக்கின் அன்றைய தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவரோடு இருந்த பொறியாளர்களும். 1966-இல் ஜிடிஓ தனி மாடல் ஆனது. அதனால் 1966 முதல் 1971 வரை ஜிடிஓவின் வின் எண் 242 என்று தொடங்கும். ஹார்டுடாப் என்றால் 24237. லெமான்ஸை ஜிடிஓவாக வேஷம் போட்டால் டாஷ்போர்டிலேயே மாட்டிக்கொள்ளும். செவெலில் எந்த நிபுணரை வைத்தும் கிடைக்காத நிம்மதி இங்கே அஞ்சு வினாடியில் கிடைத்துவிடுகிறது.

ஜட்ஜ் என்பது அந்த ஜிடிஓவின் மேல் ஏறிய ஆப்ஷன், 330 டாலர் சொச்சம். 1969-இல் பிளிமத் ரோட் ரன்னருக்குப் போட்டியாக மலிவான கார் ஒன்று செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். முடிவில் சாதாரண ஜிடிஓவைவிட விலை கூடின கார் வந்து நின்றது. பெயர், அப்போது எல்லார் வாயிலும் புரண்ட ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை வசனத்திலிருந்து எடுத்தது. ஆப்ஷன் என்பதால் வின் எண்ணில் ஜட்ஜ் தெரியாது. ஸ்டிக்கரும் பின் இறக்கையும் கடையில் கிடைக்கும். ஜிடிஓவை ஜட்ஜாக மாற்றிய கார்கள் ஏராளம். ஆனால் பான்டியாக் வாங்குபவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். 1961 முதல் 1986 வரையிலான பான்டியாக் கார்களின் ஆலை விலைப்பட்டியல்கள் பிஎச்எஸ் எனப்படும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் பத்திரமாக இருக்கின்றன. வின் எண் கொடுத்து, கட்டணம் கட்டினால் அந்தக் காரின் பட்டியல் நகல் வரும். எந்த டீலருக்குப் போனது, எந்த எஞ்சின், எந்தக் கியர்பாக்ஸ், எந்தப் பெயிண்ட், என்னென்ன ஆப்ஷன் எல்லாம் அதில் இருக்கும். ஜட்ஜ் என்றால் டபிள்யூடி1 என்ற குறியீட்டைத் தேடுங்கள்.

1970-இல் கட்டிய ஜிடிஓ மொத்தம் 40,149. அதில் ஜட்ஜ் 3,797; கன்வெர்டிபிள் ஜட்ஜ் 168 மட்டுமே. எண்ணிக்கையில் ஜட்ஜ் எல்எஸ்6-ஐவிட அரிது. இதை உங்கள் நண்பர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் பிஎச்எஸ் தாள் இருக்கிறதாம் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ‘ஆம்’ எனக்குப் பிடிக்கவில்லை. விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம்; வின் எண்ணை வாங்கி, நீங்களே பணம் கட்டி, நேராகத் தருவியுங்கள். வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது நிறம். ஆர்பிட் ஆரஞ்சு 1970 ஜட்ஜின் அடையாளம் ஆகிவிட்டதால், பச்சையாகவும் வெள்ளையாகவும் பிறந்த ஜட்ஜ்களைக்கூட ஆரஞ்சாக்கி விற்பவர்கள் உண்டு. பட்டியலில் வேறு நிறம் இருந்தால் கார் போலி ஆகிவிடாது. ஆனால் 82,000 என்பது அதிக விலை, குறைத்துக் கேளுங்கள். இரண்டாவது எஞ்சின். காரோடு என்ன எஞ்சின் வந்தது என்று மட்டுமே பட்டியல் சொல்லும், இப்போது உள்ளே இருப்பது அதுதானா என்று சொல்லாது. 326-இலிருந்து 455 வரை பான்டியாக் வி8 எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆட்டோமேட்டிக் ராம் ஏர் 3-க்கு எஞ்சினில் ஒய்இசட் என்ற குறியீடு வேண்டும். ஹெட்டின் நடு எக்ஸாஸ்ட் துளைகளுக்கு மேல் 12 என்ற எண் வேண்டும். பிளாக்கின் முன்பக்கம் வரிசை எண் பொருந்த வேண்டும். மூன்றாவது பிரேக். செவெல் எஸ்எஸ்ஸில் முன்பக்க டிஸ்க் பிரேக் பேக்கேஜோடு வந்தது. ஜிடிஓவில் அது தனி ஆப்ஷன். டிரம் பிரேக் ஜட்ஜை ஐ-75 நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஓட்டுவது என் எதிரிக்குக்கூட வேண்டாம். டிஸ்க் பின்னால் மாட்டியிருந்தால் பழைய டிரம் பாகங்களையும் சேர்த்து வாங்கி வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

ஆட்டோமேட்டிக் என்பது குறையா? விலையில் குறைதான். ஒரே மாதிரி இரண்டு ஜட்ஜில் நாலு கியர் கார் கூடுதலாகப் போகும். உங்களுக்கு அது லாபம். வாங்கும்போதே குறைவாகக் கொடுக்கிறீர்கள், விற்கும்போதும் அதே அளவு குறைவு. நடுவில் பத்து வருஷம் உட்வர்ட் அவென்யூவில் ஊர்ந்து போகும்போது இடது கால் வலிக்காது. அந்த டர்போ ஹைட்ரமாட்டிக் 400 கியர்பாக்ஸ் எளிதில் சாகிற சாமானும் அல்ல.

ஓட்டுவதில் இரண்டுக்கும் பெட்ரோல் ஒரு தலைவலி. எல்எஸ்6-இன் 11.25 அமுக்க விகிதம் அந்தக் காலத்து ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலை நினைத்துச் செய்தது. இன்று பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனில் அழுத்தி ஓட்டினால் எஞ்சின் தட்டும். ஒன்று பந்தய பெட்ரோலைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்புறம் 450 என்ற எண் பானட்டில் மட்டும்தான் இருக்கும். சாலிட் லிஃப்டருக்கு வால்வ் இடைவெளியை அவ்வப்போது சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ராம் ஏர் 3-இன் விகிதம் 10.5, அதுவும் அதிகம்தான், ஆனால் டியூனிங் ஒழுங்காக இருந்தால் 93-இல் சமாளிக்கும், லிஃப்டரும் ஹைட்ராலிக். இரண்டிலும் துத்தநாகச் சேர்மானம் உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். புதுக் கார்களுக்கான எண்ணெயில் அது குறைவு. பழைய கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும். பான்டியாக்கில் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். டைமிங் கியர் மாற்றியாயிற்றா? பழைய கியரின் நைலான் பற்கள் உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். வாட்டர் பம்ப் மாற்றியபோது அதன் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டின் இடைவெளியைச் சரிசெய்தார்களா? பான்டியாக் சூடாகிறது என்ற புகாரில் பாதி அந்தத் தகட்டில்தான்.

துரு பற்றி மிச்சிகன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புச் சாலையில் ஒரு குளிர்காலம் ஓடினாலே போதும். இரண்டு கார்களையும் லிஃப்டில் ஏற்றி, சேஸிஸின் பின்பாதியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். டிக்கியின் தரை, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடு ஆகிய மூன்றும் ஏ-பாடி முதலில் சாகிற இடங்கள். வினைல் டாப் இருந்தால் அதன் விளிம்பில் விரலால் அழுத்துங்கள், கறுமுறு என்றால் கீழே தகடு இல்லை. சின்ன காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். பட்டி தடிமனாகப் பூசியிருந்தால் பிடிக்காது. ஜட்ஜின் முன்மூக்கில் மட்டும் காந்தம் பிடிக்கவில்லை என்று பதற வேண்டாம், அது என்டியூரா என்ற ரப்பர் போன்ற பொருள். அதில் பெயிண்ட் சிலந்திவலை மாதிரி வெடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்த டிங்கரிங் ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் கூலியும் அதிகம்.

பத்து வருஷக் கணக்குக்கு வருவோம். விலை ஏறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 2006 வாக்கில் மசில் கார் விலை உச்சிக்குப் போய், 2008-க்குப் பிறகு தடாலென்று விழுந்தது. பள்ளிக்கூட வயதில் இந்தக் கார்களைப் பார்த்து ஏங்கிய தலைமுறைக்கு வயதாகிறது. அடுத்த தலைமுறை சுப்ரா, ஸ்கைலைன் என்று ஜப்பானியக் கார்களைப் பற்றிப் பேசுகிறது. வாங்குபவர் கூட்டம் சுருங்கினால் மிச்சமிருப்பவர்கள் சந்தேகத்துக்கு இடமில்லாத காரைத்தான் எடுப்பார்கள். தாளில்லாத எல்எஸ்6-ஐ அப்போது யாரிடம் போய் விற்பது? நீங்கள் இன்று எனக்கு எழுதிய அதே கேள்வியை அன்று வாங்க வருபவர் உங்களிடம் கேட்பார்.

செவெல் மேல்தான் மனம் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. விற்பவரிடம் பெட்ரோல் டேங்கை இறக்கவும் பின்சீட்டைக் கழற்றவும் அனுமதி கேளுங்கள், செலவு உங்களுடையது. பில்ட் ஷீட் கிடைத்து அதில் எல்எஸ்6 இருந்தால் 95,000 கொடுத்து உடனே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், 454 போட்ட நல்ல செவெல் என்ற விலைக்கு மட்டும் கேளுங்கள்; அது 95,000-இலிருந்து ரொம்பத் தூரம் கீழே. அந்த விலைக்குக் கிடைத்தால் சந்தோஷமாக ஓட்டலாம், கல் பட்டாலும் மழை பிடித்தாலும் நெஞ்சு பதறாது. டேங்கை இறக்கவே விட மாட்டேன் என்றால் அதுவே பதில்.

ஜட்ஜை எடுத்தால் காப்பீட்டை ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையில் எடுங்கள். சாதாரணக் கார் காப்பீட்டில், ஏதாவது ஆனால் தேய்மானம் கழித்துக் கையில் சில்லறை கொடுப்பார்கள். மிச்சிகனில் பழைய கார்களுக்கென்று தனி நம்பர் பிளேட் உண்டு, மலிவு. ஆனால் அது கிளப் விழா, ஊர்வலம், கண்காட்சி போன்றவற்றுக்கும் ஆகஸ்டு மாதத்துக்கும்தான். கோடை முழுக்க ஓட்ட வேண்டும் என்கிறீர்கள், சாதாரண பிளேட்டே வாங்குங்கள். ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் உங்கள் வீட்டுப் பக்கம்தான். உட்வர்ட் அவென்யூவின் வடகோடியில் பான்டியாக் நகரம் இருக்கிறது. உங்கள் ஜட்ஜின் வின் எண்ணில் ஏழாவதாக இருப்பது பி என்ற எழுத்து என்றால், அது கட்டப்பட்ட ஊர் அதுவேதான். அப்படி இருந்தால் விற்பவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம், விலையை ஏற்றிவிடுவார்.